பதினோராவது சன்னல்

நான் முன்பு வேலை பார்த்த பூச்சி ஒழிப்பு கம்பெனியிலிருந்து போன மாதம் செல்வி போனில் பேசினாள். நான் ஓய்வு பெறும் சமயத்தில் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவள். இப்போது மதுரைக் கிளையில் விஷவாயு வைத்துப் பூச்சியைக் கொல்லும் வேலைகளுக்கு அவள்தான் பொறுப்பு. வாடிப்பட்டியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கிற கிறிஸ்தவத் துறவியர் மடத்தின் நூலகத்தில் மறுபடியும் பூச்சி விழுந்திருக்கிறதாம். இந்தத் தடவை விஷவாயு வைக்கப் போவதில்லை. புத்தகங்களைக் காற்றுப் புகாத பைகளில் போட்டு, உள்ளே இருக்கும் ஆக்சிஜனை எடுத்துவிட்டுச் சில வாரம் வைத்தால் புழு தானாகச் செத்துவிடும் என்றாள்.

"அண்ணே, பழைய ஃபைல்ல ஒங்க கையெழுத்துல ரெண்டு பக்கம் இருக்கு. கடைசி வரியில 'இது என் தவறு'ன்னு எழுதியிருக்கீங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசா எழுதித் தாங்கண்ணே. புது ஆளுகளுக்கு வாசிச்சுக் காட்டணும்."

எழுதித் தருகிறேன் என்றேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஊர் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கிராமம். அப்பாவுக்கு வயல் வேலை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடையாது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மதுரைக்கு வந்து இந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் கறையான், கரப்பான், எலி. அப்பா வேலை பார்த்த பண்ணை வீட்டின் நிலைப்படியை அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. அந்த வீட்டில் கறையான் ஏறி, மருந்துப் பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பூசையறை வரைக்கும் போனேன். "பார்த்துப்பா, சாமி படத்துல படாம அடி" என்றார் வீட்டம்மா. அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அப்பா, "உள்ள எப்படிடா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் வருஷம் என்னை வாயு வேலைக்கு மாற்றினார்கள். அங்கே மேற்பார்வையாளர் ராஜமாணிக்கம் சார். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டுச் சாக்பீஸ் இருக்கும். சோதித்து முடித்த கதவில் ஒரு கோடு போடுவார். கோடு இல்லாத கதவு அவரைப் பொறுத்தவரை சோதிக்காத கதவு. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. திட்டவும் மாட்டார். தப்புச் செய்தவனைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அந்த வேலையைத் தன் கையால் மறுபடி முதலிலிருந்து செய்வார். அது திட்டு வாங்குவதை விட மோசம்.

நாங்கள் பயன்படுத்தியது பாஸ்பீன் என்ற விஷவாயு. அதைத் தரும் மருந்து பார்ப்பதற்குத் தலைவலி மாத்திரை போல இருக்கும். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் உதிர்ந்து வாயுவைக் கக்கும். பூண்டும் கெட்டுப்போன மீனும் கலந்த வாடை. சில சமயம் அந்த வாடைகூடத் தெரியாது. மூடிய இடத்தில் மனுஷன் மாட்டிக்கொண்டால் தலைசுற்றல், வாந்தி, நெஞ்சடைப்பு, பிறகு மூச்சு நின்றுவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

திருமங்கலத்தில் ஒரு நெல் கிட்டங்கி. தார்ப்பாய் போர்த்தி, ஓரமெல்லாம் மணல் பைகள் அடுக்கி, மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்துவிட்டேன். "உள்ள ஆள் இல்லைல்ல?" என்றார் சார். "இல்ல சார்." "நீ பார்த்தியா, சொன்னாங்களா?" காவலாளி சொன்னதாகச் சொன்னேன். சார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டைகள் மேல் ஏறினார். பின்னாலேயே நானும் ஏறினேன். கூரைக்குக் கீழே, மூட்டைகளுக்கு நடுவில் இருந்த பள்ளத்தில் சுமை தூக்கும் ஆள் ஒருவர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சார் அவரை எழுப்பி, "எந்திரிங்கண்ணே, டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியை அதற்குப் பிறகு நூறு தடவையாவது கேட்டிருப்பார்.

அவரோடு வேலை பார்க்க ஆரம்பித்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்போதுதான் செல்வி சொன்ன அந்த மடத்தின் வேலை வந்தது. அந்த வாரம் சாருடைய மகளுக்குத் திருமணம். "இது நீ பார்க்கிற வேலைதான். போயிட்டு வா" என்றார். முழுப் பொறுப்போடு நான் போன முதல் வேலை அது. துணைக்கு முருகன் வந்தான். என் வயதுக்காரன், நாங்கள் ஒரே வருஷம் வேலையில் சேர்ந்தவர்கள்.

மடத்தைக் கட்டியவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த துறவிகள். தங்கள் ஊர் மடம் எப்படி இருந்ததோ அப்படியே இங்கேயும் வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். முன்புறம் இரண்டு மஞ்சள் கோபுரம். உச்சியில் கவிழ்த்த வெங்காயம் போலப் பச்சைக் கூரை. நூலகப் பொறுப்பில் இருந்த ஃபாதர் அமல், வயது நாற்பதுக்குள் இருக்கும், திருச்சிப் பக்கத்துக்காரர். வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. "இதுக்குப் பேரு பரோக் பாணி" என்றார். "பார்க்கிறவங்க மலைச்சு நிக்கணும். அதுக்காகவே கட்டுறது."

நூலகத்துக்குள் நுழைந்ததும் நான் மலைத்துத்தான் நின்றேன். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கூடம். பாதி உயரத்தில் சுற்றிலும் மர நடைபாலம். கரும்பை முறுக்கியது போன்ற தூண்கள், அவற்றின் தலையில் தங்கப் பூச்சு. கூரை முழுக்க வானம் வரைந்திருந்தது. மேகங்களுக்கிடையே தேவதூதர்கள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையிலிருந்து அந்த வானம் வரைக்கும் தோல் அட்டை போட்ட புத்தகங்கள். லத்தீன், ஜெர்மன், ஓரமாக ஒரு பீரோவில் தமிழ்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்ட ஆரம்பித்தேன். தட்டிப் பார்ப்பது எங்கள் தொழிலில் பாதி. சலவைக்கல் தூண் என்று நினைத்தது மரச்சட்டத்தின் மேல் சாந்து பூசி வண்ணம் தீட்டியது. வெண்கலம் போல இருந்த சிலை மரம். "பாதிக்கு மேல பொய்தான்" என்று ஃபாதர் அமல் சிரித்தார். புத்தகங்களை உருவினால் மாவு போலத் தூள் கொட்டியது. முதுகு அட்டையில் ஊசியால் குத்தியது போல ஓட்டைகள். ஏறக்குறைய எல்லா அடுக்கிலும் வண்டு இறங்கியிருந்தது. மேலே நடைபாலத்தின் தெற்கு மூலையில் ஒரே ஒரு அலமாரியில் மட்டும் ஓர் ஓட்டைகூட இல்லை. அந்த இடத்தில் நடைபாலத்தின் கைப்பிடிச் சட்டம் ஆடிக்கொண்டிருந்ததால் பக்கத்தில் போகாமல் டார்ச் அடித்துப் பார்த்தேன். நோட்டில் "மூலை அலமாரி: சேதம் இல்லை" என்று எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் தின்ற வண்டு அதை மட்டும் ஏன் விட்டது என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்தது சன்னல் கணக்கு. வெளியே சுற்றி வந்து எண்ண வேண்டும், பிறகு உள்ளே எண்ண வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இது சார் வைத்த வழக்கம். தெற்குச் சுவரின் மேல் வரிசையில் வெளியே பதினொன்று இருந்தது. உள்ளே பத்துதான். ஃபாதர் அமலிடம் கேட்டேன்.

"அது போலிச் சன்னல். வெளியே இருந்து பார்த்தா ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும்ல? இந்தப் பாணியில அப்படி வைப்பாங்க."

அவர் சொன்னது தப்பான விஷயமும் இல்லை. அந்த மாதிரிக் கட்டடங்களில் போலிச் சன்னல் வைப்பது உண்டுதான். ஆனால் நான் வெளியே எண்ணியபோது அந்தப் பதினோராவது சன்னலின் கதவு ஒரு சாண் அளவுக்குத் திறந்திருந்தது. அதை என் கண்ணால் பார்த்திருந்தேன். போலிச் சன்னல் எப்படித் திறக்கும்? அந்தக் கேள்வி தொண்டை வரை வந்தது. அவருக்கு நாலு மொழி தெரியும். நான் இந்த மாதிரிக் கட்டடத்துக்குள் கால் வைத்ததே அன்றைக்குத்தான். காலையிலிருந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டதில் அவர் முகம் வேறு சுருங்க ஆரம்பித்திருந்தது. படித்தவர் சொல்கிறார், நாம் என்னத்தை மறுபடி கேட்பது என்று விட்டுவிட்டேன்.

"சரிங்க ஃபாதர்" என்றேன். எல்லா வாசலையும் காட்டிவிட்டதாக அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மாத்திரைகளைத் தட்டுத் தட்டாக வைத்தோம். அதற்கு முன் நானும் முருகனும் கீழும் மேலும் நடந்து ஆள் இல்லை என்று பார்த்தோம். சன்னல் இடுக்குகளில் பழுப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. மூன்று வாசலையும் பூட்டி, ஒட்டி, மண்டை ஓட்டுப் படம் போட்ட அட்டையை மாட்டினோம். மூன்று சாவியும் என் பைக்குள். ஐந்து நாள் யாரும் வரக்கூடாது என்று மடத்தில் இருந்த பதினான்கு பேரையும் கூட்டிச் சொன்னேன். முன் வரிசையில் ஒரு வயதானவர் உட்கார்ந்து கேட்டுத் தலையாட்டினார். பிரதர் சவரிமுத்து, எழுபத்தெட்டு வயது, ஃபாதர் அமலுக்கு முன்னால் நாற்பது வருஷம் அந்த நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் என்று அப்போதுதான் சொன்னார்கள்.

மணிக்கு ஒரு தடவை சுற்றி வந்து, கண்ணாடிக் குழாயில் காற்றை இழுத்துக் கசிவு பார்ப்போம். வாயு பட்டால் குழாய்க்குள் இருக்கும் தூள் நிறம் மாறும். ஒன்பது, பத்து, பதினொன்று, மூன்று தடவையும் சுத்தம். பன்னிரண்டு மணிச் சுற்றில் நூலகத்தை ஒட்டியிருந்த மடத்துக் கோவிலின் பக்கத்து நடையில் போகும்போது முருகன் நின்றான்.

"மாப்ள, பூண்டு வாடை அடிக்குதா?"

"சமையக்கட்டுல இருந்து வரும்டா."

"சமையக்கட்டு அங்கிட்டுல்ல இருக்கு."

நடையின் கடைசியில் ஒரு சின்ன மரக்கதவு. அது கோவிலைச் சேர்ந்தது என்று நினைத்து நாங்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அதன் இடுக்கில் குழாயை வைத்து இழுத்தேன். நிறம் மாறியது. சாப்பாட்டு மணி அடித்து, எல்லோரும் சாப்பாட்டு அறைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் ஃபாதர் அமலைப் பிடித்தேன்.

"ஃபாதர், அந்தச் சின்னக் கதவு எங்க போகுது?"

"மேல ஒரு குட்டி ஜெப அறைக்கு. பிரதர் சவரிமுத்து மட்டும்தான் போவார்."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

சாப்பாட்டு அறையில் வாசகர் மேடை ஒன்று உண்டு. அன்றைய தேதியில் முன்பு இறந்துபோன துறவிகளின் பெயர்களைச் சாப்பாட்டுக்கு முன் அங்கே நின்று வாசிப்பது அந்த மடத்தின் வழக்கம். வாசிப்பவர் பிரதர் சவரிமுத்து. மேடை காலியாக இருந்தது. பெயர்கள் எழுதிய அந்த ஏடும் அங்கே இல்லை.

காற்று சிலிண்டர் வைத்த முகமூடி எங்களிடம் இரண்டு இருந்தது. இரண்டு பேர் உள்ளே போனால், மூன்றாவதாகப் பயிற்சி உள்ள ஆள் ஒருவர் வெளியே முகமூடியோடு நிற்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது ஆள் எங்களிடம் இல்லை. முருகன் என் முகத்தைப் பார்த்தான். "மாட்டுடா" என்றேன். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, எல்லோரையும் கட்டடத்தை விட்டு வெளியே அனுப்பும்படி ஃபாதர் அமலிடம் கத்தினேன்.

கதவைத் திறந்தால் சுற்றிச் சுற்றி ஏறும் கல் படி. ஓர் ஆள் தோள் இடிக்காமல் போக முடியாத அகலம். நடுவில் ஒரு சன்னல், ஒரு சாண் திறந்து கிடந்தது. பதினொன்று. அதைக் கடந்து ஏறினால் ஜெப அறை. அதன் பக்கச் சுவரில் ஒரு பலகைக் கதவு திறந்திருந்தது. அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் சேதம் இல்லை என்று எழுதிய மூலை அலமாரிதான் அது. கதவின் மேல் புத்தக முதுகுகளை வரிசையாகச் செதுக்கி வண்ணம் பூசியிருந்தார்கள். அதில் காகிதமே இல்லை. வண்டு எதைத் தின்னும்?

பிரதர் சவரிமுத்து நடைபாலத்தில் அலமாரியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அங்கியின் மேல் வாந்தி. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது. மடியில் ஒரு தடித்த ஏட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். விரலைப் பிரிக்கப் பார்த்தேன், விடவில்லை. நேரம் இல்லாததால் ஏட்டோடு சேர்த்தே தூக்கினோம். அந்தப் படியில் ஆளைத் தோளில் சுமந்து இறங்க முடியாது. ஜெப அறையில் கிடந்த கம்பளத்தில் அவரை உட்கார வைத்து, முருகன் கீழிருந்து தாங்க, நான் மேலிருந்து கக்கத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கினோம். என் மூச்சுச் சத்தம் முகமூடிக்குள் இரைந்தது. ஒவ்வொரு படியிலும் அவர் குதிகால் கல்லில் இடித்தது இன்னும் எனக்குக் கேட்கிறது.

வெளியே காற்றில் கிடத்திய பிறகு கண்ணைத் திறந்தார். "வாசிச்சாச்சா?" என்றார். ஃபாதர் அமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார்.

மதுரை ஆஸ்பத்திரி வரைக்கும் ஆம்புலன்ஸில் நான் கூடப் போனேன். என்ன வாயு, எத்தனை மணிக்கு வைத்தது, எவ்வளவு நேரம் உள்ளே இருந்திருப்பார் என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கென்றே அச்சிட்ட அட்டை எங்கள் பையில் இருக்கும். கடைசிக் கேள்விக்கு உத்தேசமாகத்தான் சொல்ல முடிந்தது. அரை மணி நேரம் இருக்கலாம் என்றேன். இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்றார் மருத்துவர்.

அன்று சாயங்காலம் கிளை மேலாளர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "எல்லா வாசலையும் காட்டிட்டோம்னு மடத்துலயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. அத மட்டும் எழுது கருப்பையா. வேற ஒண்ணும் எழுத வேணாம்." அவர் எழுதச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸ் போனால் எனக்குத் தெரிந்த வேறு தொழில் இல்லை.

கல்யாண வேட்டியில் மஞ்சள் கறையோடு ராஜமாணிக்கம் சார் வந்தார். முருகன் போன் செய்திருக்கிறான். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்த வழி ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார். சன்னல் ஒண்ணு கூடுச்சு. போலின்னு சொன்னாங்க."

"சொன்னாங்க. நீ என்ன பார்த்த?"

"தெறந்திருந்தத பார்த்தேன் சார்."

மேசையில் கிடந்த தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அப்ப அத எழுது" என்றார். எழுதினேன். சன்னல், மூலை அலமாரி, கேட்காமல் விட்ட கேள்வி, மூன்றாவது ஆள் இல்லாமல் உள்ளே போனது, எல்லாம். கடைசியில் இது என் தவறு என்று எழுதினேன். சார் வாங்கிப் படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார். 'மேற்பார்வையாளர் இடத்தில் இல்லாமல் ஆளை அனுப்பியது என் தவறு.' மேலாளர் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். பிறகு அவர் எங்கள் இரண்டு பேரோடும் பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறு மாதம் வாயு வேலைக்கு எனக்கு அனுமதி இல்லை என்றார்கள். கம்பெனிக் கிட்டங்கியில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் உட்கார்ந்தேன். அந்த வருஷம் சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. கடைசி வரை அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பிரதர் சவரிமுத்து பிழைத்துக்கொண்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் போய் வாசலில் நின்று நர்ஸிடம் விசாரித்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச்சடையில் என் வீட்டு வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஃபாதர் அமல் கையைப் பிடித்துக்கொண்டு பிரதர் இறங்கினார். நான் சட்டைகூடப் போடாமல் இருந்தேன். என் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஒன் வேலை போச்சுன்னு சொன்னாங்கப்பா. அதேன் மன்னிப்புக் கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்" என்றார்.

"வேலை போகலைங்க சாமி. நாந்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். சன்னலப் பார்த்துட்டும் கேக்காம விட்டேன்."

"அந்தச் சன்னல நாந்தேன் தினமும் தெறந்து வைப்பேன். காத்து வரும்." சிரித்தார். பிறகு ஃபாதர் அமலை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ அம்புட்டுத் தெளிவாச் சொன்ன. நான் முன்னாலதேன் ஒக்காந்து கேட்டேன். ஏட்ட வெளிய எடுத்து வைக்க மறந்துட்டேன். மறந்துட்டேன்னு சொன்னா என்னைய முதியோர் இல்லத்துக்கு அனுப்பிருவாகன்னு பயம். ஒரு நிமிசந்தானே, மூச்சப் பிடிச்சுக்கிட்டு எடுத்துட்டு வந்துருவோம்னு போனேன். உள்ள போனதும் எந்த அடுக்குன்னு மறந்துபோச்சு. தேடிக்கிட்டே இருந்தேன்."

கொஞ்ச நாளாகவே அவருக்கு அப்படி இருந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் சமாளித்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் இருந்தபோது எல்லாவற்றையும் மடத்தின் தலைவரிடம் சொல்லிவிட்டாராம். எங்கேயும் அனுப்பப் போவதில்லை, ஏட்டை வேறொருவர் எடுத்துக் கையில் கொடுப்பார், வாசிக்கிற வேலை உங்களுடையதுதான் என்று தலைவர் சொல்லியிருக்கிறார்.

"நான்தான் மடத்தையே சரியாத் தெரிஞ்சுக்காம கையெழுத்துப் போட்டேன்" என்றார் ஃபாதர் அமல் மெதுவாக. என் மனைவி காபி கொண்டு வந்ததும் பேச்சு வேறு பக்கம் போயிற்று. பிள்ளைகளின் படிப்பு, அந்த வருஷத்து மழை.

இருந்த ஒரு மணி நேரத்தில் பிரதர் என் பெயரை மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோது ஃபாதர் அமல் சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"கருப்பையாங்க சாமி" என்றேன், முதல் தடவை சொல்வதைப் போலவே.

"நல்ல பேரு" என்றார், முதல் தடவை கேட்பதைப் போலவே.